பதினோராம் நம்பர் ஊசி

"உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?" என்று ஸ்கேன் எடுக்கிற பெண் கேட்டபோது கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாகச் சுமந்து திரிகிற உடம்பில் இத்தனை இரும்பு இருக்கிறதென்று இன்றைக்குக் காலையில்தான் அவளுக்கே தெரிந்தது. கொண்டை ஊசி ஆறு, மாராப்பில் குத்திய ஊக்கு ஒன்று, ரவிக்கையில் கொக்கி ஐந்து, அவசரத்துக்கு இருக்கட்டுமென்று வளையலில் எப்போதும் தொங்குகிற ஊக்கு இன்னும் மூன்று. தங்கமும் வெள்ளியும்கூட ஆகாது, மொத்தத்தையும் கழற்றிவிடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். சட்டையில் நஸ்ரின் என்று பெயர் குத்தியிருந்தவள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சிரித்த முகம், ஆனால் பேச்சில் கறார். மெட்டி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உருவ வேண்டியிருந்தது. தாலிக்கொடியைக் கழற்றத்தான் கை எழவில்லை. அவள் புருஷன் தங்கமுத்து எதிர்க்கடைக்கு ஓடிப்போய் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிவந்து, ஜனம் போய்வருகிற வராந்தாவிலேயே நின்று, சாயப்பட்டறை நீலம் ஏறிய விரல்களால் அவள் கழுத்தில் கட்டினான். "மூணு முடிச்சும் நானே போடோணுமா?" என்றான். "ஒண்ணு போதுமுங்க, நாத்தனார் வராத கல்யாணந்தான இது" என்றாள் இவள். அவன் சிரிக்கவில்லை. எட்டு மாசமாகவே அவன் சரியாகச் சிரிக்கவில்லை. கழற்றியதையெல்லாம் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு வெளிக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். இவள் பச்சை கவுனை மாட்டிக்கொண்டு, உள்ளறை வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, நஸ்ரின் ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். நெஞ்சில் மிஷின் வைத்ததுண்டா? இல்லீங்க. காதில் மிஷின்? இல்லீங்க. எலும்பில் பிளேட்டு, ஸ்க்ரூ? இல்லீங்க. குண்டு ஏதாவது பாய்ந்ததுண்டா? "குண்டா! நான் மிலிட்டரிலயா இருந்தன்?" நஸ்ரினும் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போனாள். வெல்டிங், லேத்து, கிரைண்டிங் வேலை? கண்ணில் இரும்பு பட்டதுண்டா? இல்லீங்க, இல்லீங்க. நேர்த்தையல் ஓட்டுகிற மாதிரி ஒரே ஓட்டமாய் அத்தனைக்கும் இல்லை சொல்லி முடித்தாள். "என்ன வேலைங்க்கா பாக்கறீங்க?" "பனியன் கம்பெனிங்க. பவர் டேபிள் டெய்லர்." "அப்ப ஒரு பிரச்னையும் இல்ல" என்று டிக் அடித்து நஸ்ரின் பாரத்தை நீட்ட, இவள் கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் நஸ்ரின் அதைச் சொன்னாள். "உள்ள இருக்கறது பெரிய காந்தமுங்க்கா. அதான் இத்தனை கேக்கறது. போன மாசம் ஒருத்தரு இடுப்புல சாவிக்கொத்தோட உள்ள வந்துட்டாரு. சாவி அப்படியே பறந்து போயி ஒட்டிக்கிச்சு, மூணு பேரு புடிச்சு இழுத்தோம்." சொல்லிவிட்டு, முன்னால் ஒரு பெரியவர் உள்ளே இருக்கிறார், அரைமணி நேரம் ஆகும் என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். காந்தம். அந்த ஒரு சொல் மட்டும் போகாமல் இவளிடமே நின்றது. ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வெளியே வந்தவளுக்கு மூன்று தெரு தாண்டி வருமே ஒரு உறுத்தல், அந்த மாதிரி. காஸை அணைத்தாயிற்று. வாசலைப் பூட்டியாயிற்று. மகளுக்கு இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை, ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாளா, எடுத்துக்கொண்டாள், இவள்தான் கண்ணால் பார்த்தாள், ஒரு கண்ணால். இடது கண்தான் இன்றைக்குக் காலையிலிருந்து முக்கால்வாசி மூடிக் கிடக்கிறதே. மேல் இமையில், மூக்கை ஒட்டின மூலையில் வீக்கம். தொட்டால் சுடும், அழுத்தினால் உள்ளே எதுவோ நறுக்கென்று திரும்பும், நிமிர்ந்து உயரே பார்த்தால் நூல் ஒன்று இரண்டாகத் தெரியும். வீங்கும், பத்து நாளில் வடியும், அடுத்த மாசம் சொல்லிவைத்தாற்போல் திரும்பி வரும். எட்டு மாசமாக இதே பாட்டு. கட்டியாக இருக்குமோ என்று பார்க்கத்தான் டாக்டரம்மா இந்த ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாள். கட்டி என்று ஒரேயொரு தடவைதான் சொன்னாள், அதுவும் தங்கமுத்துவைப் பார்த்துத்தான் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமலே படுத்துக்கொண்டான். கட்டி என்றால் என்ன கட்டி என்று இவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், காலேஜில் சேரட்டும், அதற்குள் எதுவும் ஆகிவிடக்கூடாது மாரியாத்தா, கண் போனாலும் போகட்டும், ஆள் இருக்க வேண்டும். கண் போனால் தையல் போகும். தையல் போனால்... இல்லை, அதை நினைக்க வேண்டாம். சரி, காந்தம் என்றாளே, அதில் என்ன இருக்கிறது?

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் மிஷின் ஓடத் தொடங்கியது. முதலில் கொர்ரென்று ஒரு இழுப்பு, அப்புறம் டட்டட்டட்டட்டென்று ஒரே சீராக. கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட, இது பவர் டேபிள் சத்தம்தானே! நாற்பது மிஷின் ஒரே லைனில் ஓடும்போது தரை வழியாக ஏறி முழங்காலுக்கு வருமே, அச்சு அசல் அதே சத்தம். இவளுடைய வலது கால் அவளைக் கேட்காமலே தரையை அழுத்தியது. மெட்டி இல்லாத கால் விரல்கள் அம்மணமாகக் கிடந்தன, ஆனாலும் பெடல் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு அழுத்தி, விட்டு, அழுத்தி, மூலை வந்ததும் நின்று, துணியைத் திருப்பி, மறுபடி அழுத்தின. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம். இந்தக் காலுக்கு இருக்கிற புத்தி அந்த டாக்டர்களுக்கு இருந்ததா? முதலில் மருந்துக் கடைக்காரர் கண்கட்டி என்றார், களிம்பு கொடுத்தார். அப்புறம் ஒரு டாக்டர், பனியன் கம்பெனியா, பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கர்ச்சீப் கட்டிக்கொண்டு தைத்தாள், மூச்சு முட்டியதுதான் மிச்சம். அடுத்தவர் சைனஸ் என்று ஆவி பிடிக்கச் சொன்னார். அதற்கடுத்தவர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். உள்ளே என்னமோ இருக்குதுங்க, மணல் மாதிரி, திரும்புது என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். ஒவ்வொருத்தரும் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசியில் ஒருத்தர் டார்ச்சே அடிக்காமல், "வீட்டுல ஏதாவது கவலை இருக்காம்மா? தூக்கம் வருதா?" என்று கேட்டு மாத்திரை எழுதினார். அன்றிலிருந்து தங்கமுத்துவும் "நெனப்புதாம் புள்ள, நெனைக்காத" என்று ஆரம்பித்துவிட்டான். நினைக்காமல் இருக்க முடியுமா? கண் முகத்தில் இருக்கிறது, வீங்கித் தொங்குகிறது, இதில் நினைப்பு எங்கேயிருந்து வந்தது?

அவன் தாய் ஒரு படி மேலே போய், ஊருக்கு வடக்கே கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் வேப்பிலையால் தடவி, கண்ணில் உஃப் உஃப் என்று மூன்று தரம் ஊதி, தன் உள்ளங்கையைப் பிரித்துக் காட்டினார். அதில் ஒரு நெல் உமி. "இதுதாஞ் சாமி உள்ள கெடந்தது." ஆகா, என்ன நிம்மதி அன்றைக்கு! மாமியாருக்குப் பரம திருப்தி. இவளுக்கும்தான். கண்ணால் பார்த்தாயிற்றே, உமி கையில் இருக்கிறதே, இனி உள்ளே எப்படி இருக்கும்? ஒரு வாரம் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. வருஷத்தில் ஒரு நாள்கூட நெல்லைத் தொடாதவள் கண்ணில் உமி எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போனது? உமி அவர் விரலிடுக்கிலேயே இருந்திருக்கும். காட்டுவதற்கு ஒன்று கையில் இருந்தால் போதும், தேடுகிறவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். காட்டுவதற்கு ஒன்று. கோகிலவாணியின் கால் பெடலை அழுத்துவது நின்றது. நினைப்பு எதிலோ போய் மாட்டிக்கொண்டது. காட்டுவதற்கு ஒன்று இருந்தால் போதும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எங்கேயோ கேட்ட பேச்சு. அந்த நேரம் பார்த்து சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் டக்கென்று நின்றுபோனது.

அந்த டக். அதற்கப்புறம் வந்த அந்த நிசப்தம். கோகிலவாணிக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது, ஏஸி குளிரில் அல்ல. ஆடி மாசம், கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. கைக்குழந்தைகள் போடுகிற உடுப்பு, வெளிநாட்டு ஆர்டர், சாயங்காலம் வண்டி ஏற வேண்டிய சரக்கு. கவட்டுப் பக்கம் பித்தளை பட்டன் அடித்து முடிந்தபிறகு, தையல் பிரிந்திருக்கிறது என்று செக்கிங்கிலிருந்து திரும்பி வந்த பீஸ் அவள் மேஜையில். பட்டனை ஒட்டி ஓட்ட வேண்டிய தையல். மெதுவாகத்தான் ஓட்டியிருக்க வேண்டும். அவசரம். டட்டட்டட் என்று போய் ஊசி பட்டன்மேல் இறங்கியது, டக். மிஷின் நின்றது. ஊசியின் மேல்பாதி மட்டும் மிஷினில் நிற்கிறது, காதும் முனையும் இருக்கிற கீழ்ப்பாதியைக் காணோம். பதினோராம் நம்பர் ஊசி. லைன் சூப்பர்வைசர் மகுடேஸ்வரி சத்தம் கேட்டே வந்துவிட்டாள், கையில் அந்தக் குச்சியோடு. குச்சி நுனியில் கட்டியிருந்தது காந்தம்! காந்தம்! அதைத்தானே இத்தனை நேரமாக இந்த மனசு துழாவிக்கொண்டிருந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கிற வரைக்கும் புது ஊசி கிடையாது, சரக்கு நகராது, அதுதான் கம்பெனிச் சட்டம். குழந்தை உடுப்பில் ஊசித் துண்டு போய்விட்டால் குடி முழுகிவிடும் அல்லவா. மகுடியக்கா காந்தத்தை மேஜைமேல் ஓட்டினாள், மேஜைக்கு அடியில், தரையில், பாபின் குழியில், இவள் மடியில், முந்தானையில், பக்கத்து மிஷின் காலடியில். எங்கெங்கேயோ ஓட்டினாள். முகத்தில் மட்டும் ஓட்டவில்லை. முகத்தில் யாராவது ஊசியைத் தேடுவார்களா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, நாலு பேர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு சேர்ந்து இவளும் குனிந்து தேடினாள். அப்படியானால், அந்த எறும்புக்கடி?

எறும்பு கடித்த மாதிரி இருந்தது, ஆமாம், இருந்தது! மிஷின் நின்ற அதே நொடியில், மேல் இமை மூலையில், சுருக்கென்று. கையால் துடைத்தாள். விரலில் சிவப்பு. கோகிலவாணி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரலில் சிவப்பு, அதைப் பார்த்து மகுடியக்கா சொன்ன பேச்சு இப்போது கூடத்தில் நின்று சொல்வதுபோல் காதில் விழுந்தது: "வேர்வைல குங்குமம் வழியுது பாரு, தொடச்சுக்க." அன்றைக்கு ஆடிவெள்ளி, காலையில் மாரியம்மன் கோயிலில் பூசாரி நெற்றி நிறைய அப்பிவிட்ட குங்குமம். ஃபேன் காற்று போதாத லைன், எல்லாப் பெண்களின் முகத்திலும் அன்றைக்குக் குங்குமம் வழிந்துகொண்டுதான் இருந்தது. இவளும் குங்குமம் என்றே துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் முகம் கழுவியபோது துண்டில் சிவப்பு, அதுவும் குங்குமம். எரிந்தது, குங்குமம் கண்ணில் பட்டால் எரியத்தானே செய்யும். அடிப்பாவி! ரத்தத்தைக் குங்குமம் என்று துடைத்துவிட்டு எட்டு மாசம் ஊரெல்லாம் போய் என் கண்ணில் என்னமோ இருக்கிறது என்று அழுதிருக்கிறாய். இருக்கிறது, இருக்கத்தான் செய்கிறது! மணல் இல்லை, உமி இல்லை, நினைப்பும் இல்லை. ஊசி. கட்டி இல்லை! அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு எழுந்து ஓடி வெளிக்கூடத்தில் இருக்கிற தங்கமுத்துவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஏனுங்க, கட்டி இல்லீங்க, ஊசிங்க, நம்ம கம்பெனி ஊசி! கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி இருக்கிறதென்று இத்தனை சந்தோஷப்பட்ட மனுஷி இந்தத் திருப்பூரில் வேறு யாரும் இருக்க மாட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி டட்டட்டட்டென்று தொடங்கியது, இப்போது இன்னும் வேகமாக. காந்தம் வேலை செய்கிறது. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து பறித்த காந்தம். மூன்று பேர் பிடித்து இழுத்த காந்தம். சந்தோஷம் அப்படியே நின்றது. இன்னும் பத்து நிமிஷத்தில் அவளை அதற்குள் தலைமுதலாகப் படுக்கவைக்கப் போகிறார்கள். மகுடியக்காவின் குச்சிக் காந்தத்துக்கே ஊசித் துண்டு துள்ளிவந்து ஒட்டும். இது எங்கிருந்து எங்கே இழுக்கும்? கண் வழியாக இழுக்குமா, மூளை வழியாகவா? சொல்லிவிட வேண்டும். சொல்ல என்ன இருக்கிறது, கதவைத் தட்டி, கண்ணு, எனக்குக் கண்ணுல ஊசி இருக்குது என்றால் ஆயிற்று. எப்படித் தெரியும் என்பார்கள். துண்டு கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். கிடைக்கவில்லையா? நோட்டில் கிடைத்ததென்று இருக்கிறதே. ஊசி நோட்டு, அதில் ஒட்டியிருக்கிறதே, கண்ணாடி டேப்புக்கு அடியில், துண்டு இரண்டும் வரிசையாக. தேதி, டெய்லர் பெயர், ஊசி நம்பர், துண்டு எத்தனை, கிடைத்த இடம், கையெழுத்து. கிடைத்த இடம் என்ற கட்டத்தில் தரை என்று எழுதியது யார்? இவள்தான். நாலு மணிக்கு வண்டி வந்து நின்றுவிட்டது, தேடித் தேடி எல்லோருக்கும் கண் பூத்துப்போனது. மகுடியக்கா தன் டப்பாவிலிருந்து பழைய பதினோராம் நம்பர் ஊசி ஒன்றை எடுத்துக் குறடால் இரண்டு இடத்தில் நறுக்கென்று ஒடித்தாள். மேல்பாதியைத் தூர எறிந்துவிட்டு, காதுத் துண்டையும் முனைத் துண்டையும் இவள் உள்ளங்கையில் வைத்தாள். "ஒட்டு. காட்டறதுக்கு ஒண்ணு இருந்தாப் போதும்." ஓ, அவள் சொன்ன பேச்சா அது! இவள்தான் டேப் ஒட்டினாள், நகத்தால் நீவிவிட்டு ஒட்டினாள். ஊதிவிட்டு உமி காட்டியவரைப் பழிக்கிறாளே, இவள் அவருக்கு மூத்த ஆள் அல்லவா?

தப்பு என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் இருந்தது உண்மைதான். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தையின் தொடையில் குத்திவிட்டால்? ஆனால் வண்டியில் ஏற்றுமுன் அத்தனை பீஸையும் இரும்பு கண்டுபிடிக்கிற மிஷினில் விட்டு எடுத்திருந்தார்கள், ஒன்றில்கூட மணி அடிக்கவில்லை. "பாத்தியா, துணில இல்ல, எங்கயோ தரையிலதான் கெடக்குது" என்று மகுடியக்கா பெருமூச்சு விட்டாள். அதோடு போயிற்று. துணியில் இல்லையென்றால் எங்கேயும் இல்லை, பனியன் கம்பெனிக் கணக்கு அது. நாளாக நாளாக நோட்டில் இருப்பதே நிஜமாகிவிட்டது. டாக்டரம்மா இமையைத் தொட்டுப் பார்த்து, ஏதாவது பறந்துவந்து பட்டதா என்று கேட்டபோது, பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல் இல்லீங்க என்றாள். அன்றைக்கு ஊசி உடைந்தது, துண்டு கிடைத்தது, தரையில். அப்படித்தான் இவள் மண்டையிலும் ஒட்டியிருந்தது, டேப்போடு. மகுடியக்காவுக்கு? அவளுக்கும் மறந்திருக்குமா? ஊசிக்கு முன்னால் கண்ணுக்குத் தடுப்பாக ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. நூல் கோக்க இடைஞ்சல் என்று எல்லோரும் அதை மேலே தூக்கிவிட்டிருப்பார்கள். ஆடிட் வருகிற நாளில் மட்டும் கீழே இறங்கும். இரண்டு மாசத்துக்கு முன்னால் மகுடியக்கா மிஷின் மிஷினாகப் போய் அந்தத் தகட்டைத் தன் கையாலேயே இறக்கிவிட்டாள், ஆடிட் எதுவும் இல்லாத நாளில். இவள் மிஷினுக்கு வந்தபோது இவள் கண்ணைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுத்த மிஷினுக்கு நகர்ந்துபோனாள். அப்படியானால் தெரியுமா? தெரிந்தும் சொல்லவில்லையா, இல்லை, இவளைப்போலவே அவளும் நினைக்கப் பயந்து விட்டுவிட்டாளா? முதல் டாக்டரிடம் கூட்டிப்போனதே அவள்தான். வெளியே தெரிந்தால் இரண்டு பேரையும் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். தையலுக்கு இவள் கண் வேண்டும், கண்ணுக்கு அந்தப் பொய் போக வேண்டும், பொய் போனால் தையல் போகும். சுற்றிச் சுற்றி அதே மூலையில் வந்து நின்றது நினைப்பு. இந்த முறையும் சத்தம் டக்கென்று நின்றது.

கதவு திறந்தது. பெரியவர் காதைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். "கோகிலவாணியக்கா, வாங்க" என்றாள் நஸ்ரின். இவள் எழுந்தாள். கால்கள் நடந்தன, அவற்றுக்குப் பழக்கம், கூப்பிட்டால் நடக்கும். முதல் அறை தாண்டி இரண்டாவது கதவு. திறந்த கதவு வழியாக அந்த வெள்ளை மிஷின் தெரிந்தது, நடுவில் ஒரு வட்டமான ஓட்டை. இமைக்குள் எதுவோ அசைந்தது, அல்லது அசைந்ததென்று தோன்றியது. இன்னும் நாலு எட்டு. சொல்லு. மகுடியக்கா குறடைப் பிடித்திருந்த கை. சொல்லு. மகள் ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்தபடி, அம்மா, கண்ணு சரியாயிரும்மா என்றாள் காலையில். கோகிலவாணி கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, ஒரு நிமிசம் நில்லு. நான் பொய் சொல்லிப்போட்டன்." நஸ்ரின் திரும்பினாள். "என்ற கண்ணுல ஊசி இருக்குது. மிஷின் ஊசி. ஆடி மாசம் ஒடஞ்சது. துண்டு கெடைக்கவே இல்ல. கெடச்சுதுன்னு நோட்டுல எழுதினது பொய்யி." நோட்டு என்ன நோட்டு என்று நஸ்ரினுக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஊசி என்ற சொல் போதுமானதாக இருந்தது. அவள் ஒரே தாவலாகத் தாவி அந்த இரண்டாவது கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவின்மேலேயே சாய்ந்து நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. "அக்கா, உள்ள போயிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் மெல்ல, "நாந்தான் இன்னொருக்கா கேட்டிருக்கோணும். டெய்லருன்னதும் விட்டுட்டேன்" என்றாள். யாருக்கோ போன் பண்ணினாள். முதலில் எக்ஸ்ரே என்றாள்.

எக்ஸ்ரே அறை அடுத்ததுதான். கன்னத்தைத் தகட்டில் ஒட்டி, மூச்சைப் பிடித்து நின்றாள் கோகிலவாணி. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்கு நிற்கிற பிள்ளைபோல் உள்ளே ஒரே துடிப்பு. இல்லையென்று மட்டும் வந்துவிடக் கூடாது, மாரியாத்தா, இருக்க வேண்டும், ஊசி இருக்க வேண்டும்! திரையில் அவளுடைய மண்டையோடு வந்தது. "பாருங்க்கா" என்று நஸ்ரின் விரலால் காட்டினாள். இடது கண்குழியின் மூலையில், சொத்தைப் பல்லில் அடைத்த சிமென்டைவிட வெள்ளையாக, நறுக்கென்று ஒரு கோடு. "இருக்குதுங்க்கா. ஒண்ணு இருக்குது." நஸ்ரினின் குரலே துள்ளியது. கோகிலவாணி திரையை நெருங்கிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் ஊசியைப் பார்த்த கண், ஒற்றைக் கண்ணானாலும் போதும். "இது முனைத் துண்டு. காதுத் துண்டு எங்க? இன்னொண்ணு இருக்கோணும் கண்ணு. நல்லாப் பாரு." ஒன்றுதானே தெரிகிறது என்றாள் நஸ்ரின். "ரெண்டு. எனக்குத் தெரியும். பக்கவாட்டுல எடு." பக்கவாட்டில் எடுத்தார்கள். முதல் துண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததுபோல் இன்னொன்று, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. நஸ்ரின் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். அதன் நடுவில் புள்ளியாக ஒரு இருட்டு. "ஓட்டை மாதிரி இருக்குதே, என்னதுங்க்கா இது?" "அதுதான் காது. நூல் கோக்கற எடம்" என்றாள் கோகிலவாணி.

தங்கமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மடியில் இருந்த கைக்குட்டை முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் திரையையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தான். "ஊசியா? கட்டி இல்லியா? வெறும் ஊசியா?" "வெறும் ஊசிதானுங்க." எட்டு மாசத்துக்கு அப்புறம் அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த நீல விரல்களால் முகத்தை மூடிக்கொண்டான், தோள் குலுங்கியது. "நெனப்புன்னு சொன்னனே புள்ள" என்று விரலிடுக்கில் சொன்னான். நஸ்ரின் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா போனில் வந்து, இன்றைக்கே வாருங்கள், ஸ்கேன் வேண்டாம், எடுத்துவிடலாம், கண்மணிக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்வை இருக்கும் என்றாள். மகுடியக்காவிடம் ராத்திரிக்குள் சொல்லியாக வேண்டும் என்று கோகிலவாணி நினைத்தாள். முதலில் அவள் காதில்தான் விழ வேண்டும், கம்பெனி அப்புறம். நடக்கிறது நடக்கட்டும், அந்த லைனில் இன்னும் முப்பத்தொன்பது பேருக்கு இரண்டு இரண்டு கண் இருக்கிறது.

நஸ்ரின் பழைய பாரத்தை எடுத்துவந்து, கண்ணில் இரும்பு என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருந்த டிக்கைக் கோடிட்டு அடித்துவிட்டு, "இங்க வெவரம் எழுதிக் கையெழுத்துப் போடோணுமுங்க்கா, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றாள். "குடு, நானே எழுதறேன்" என்று கோகிலவாணி பேனாவை வாங்கினாள். என்ன எழுதுவதென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, கைக்குப் பழக்கம்தான். டெய்லர் பெயர் கோகிலவாணி. ஊசி நம்பர் 11. துண்டு 2. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, வீங்கிய இமையை ஒரு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோணாமல் எழுதினாள்: கிடைத்த இடம், என் கண்.